ஹீட்டர் கோர் லீக்: டேஷ்போர்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பழைய காரில் முன்சீட்டுக் கால்மிதிக்கு அடியில் ஈரம் தெரிந்தாலே, "ஹீட்டர் கோர் போயிடுச்சு, டேஷ்போர்டை இறக்கணும்" என்று தீர்ப்பு வந்துவிடும். சில சமயம் அது சரிதான். ஆனால் டேஷ்போர்டை இறக்குவது பல வண்டிகளில் முழு நாள் வேலை. வருடக்கணக்கில் சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் கழற்றும்போதே ஒவ்வொன்றாக முறியும். எல்லாவற்றையும் இறக்கிய பிறகு கோர் நன்றாக இருந்து, அதற்குப் போகும் ஹோஸில்தான் விரிசல் என்று தெரிந்தால் போன உழைப்பு திரும்ப வராது. அதனால் கசிவது என்ன திரவம், எங்கிருந்து வருகிறது என்று முதலில் நிரூபித்துவிட வேண்டும். அதற்கு வேண்டிய சோதனைகள் எல்லாம் ஸ்பேனரைப் பெரிதாகத் தொடாமலே செய்யக்கூடியவை.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினிலிருந்து சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒரு ஹோஸ் வழியாக உள்ளே வந்து, மெல்லிய குழாய்களில் ஓடி, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. ப்ளோயர் அதன் மேல் காற்றை அடித்து அந்தச் சூட்டை கேபினுக்குள் அனுப்புகிறது. எஞ்சின் சூடேறியதும் கூலன்ட் சுமார் 90 டிகிரி செல்சியஸில் இருக்கும், ரேடியேட்டர் மூடி அதைக் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கும். வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் கழற்றிப் பார்க்காத ஒரு பாகம் இவ்வளவையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. கூலன்ட்டைக் காலத்தில் மாற்றாமல் விட்டால் அதிலுள்ள துருத்தடுப்பான் தீர்ந்துபோய், மெல்லிய உலோகம் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டப்பாவின் அழுத்த மூடியையோ திறக்கக் கூடாது. அழுத்தம் விலகிய கணத்தில் கூலன்ட் கொதித்துப் பீறிடும், முகமும் கையும் வெந்துவிடும். இன்னொன்று, பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். தித்திப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகள் விரலை வைத்துவிடுவார்கள். சிந்தியதை உடனே துடையுங்கள், வடித்ததை மூடி போட்ட கேனில் வையுங்கள்.

அறிகுறி: கால் வைக்கும் இடத்தில் ஈரம்

மிதியடியைத் தூக்கி, ஈரமான இடத்தில் ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பிடித்து எடுங்கள். அதை வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று ஏதாவது நிறம் ஏறியிருந்தால் கூலன்ட் என்று சந்தேகிக்கலாம். பிறகு கையுறை போட்ட இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீர் வழுக்காது, சீக்கிரம் காய்ந்துவிடும். கூலன்ட் வழவழவென்று இருக்கும், எளிதில் காயாது, பிசுபிசுப்பு மிஞ்சும். பேப்பரை முகர்ந்தால் தித்திப்பான வாடை வரும். நிறம் மட்டும் போதாது. பழைய கூலன்ட் வெளுத்துப் போயிருக்கும், கார்பெட்டின் சாயமும் பேப்பரில் ஏறும். நிறம், வழுக்கல், வாடை மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேப்பரில் வெறும் தண்ணீர்தான் என்றால் ஹீட்டர் கோரை மறந்துவிடுங்கள். ஏசி ஓடிய நாளில் மட்டும் ஈரம் வந்தால் ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கும். ஏசியை ஓடவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள், காற்றில் ஈரப்பதம் இருக்கும் நாளில் சில நிமிடங்களில் சொட்டு விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்தக் குழாயின் முனையில் சேர்ந்த தூசியையும் இலைக் குப்பையையும் மெல்லிய வளையும் கம்பியால் பதமாக எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. மழைக்குப் பிறகோ வண்டி கழுவிய பிறகோ மட்டும் ஈரம் என்றால், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் தொட்டியின் வடிகால், கண்ணாடி ஓரத்து ரப்பர், கூரை ஜன்னல் இருந்தால் அதன் வடிகால், கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றைப் பாருங்கள்.

கூலன்ட்தான் என்று தெரிந்தாலும் கோர்தான் குற்றவாளி என்று இன்னும் சொல்ல முடியாது. எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில் இரண்டு ஹீட்டர் ஹோஸ்கள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் முனையிலோ கிளாம்ப்பிலோ கசிவது குழாயின் மேல் வழிந்து, அது நுழையும் ரப்பர் வளையத்தின் வழியாக உள்ளே இறங்கி, கார்பெட்டை நனைக்கும். உள்ளிருந்து பார்ப்பவருக்கு அப்படியே கோர் லீக் மாதிரி தெரியும். சில பழைய வண்டிகளில், கோருக்குப் போகும் கூலன்ட்டைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வு கேபினுக்குள்ளேயே இருக்கும், அதன் தண்டிலும் கசியும். கிளாம்ப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே நாளாகக் கசிகிறது. ஒரு கிளாம்ப்பும் கையகல ஹோஸும் மாற்றுவதோடு விஷயம் முடிந்துவிடலாம்.

அறிகுறி: முன்கண்ணாடியில் படலம், காற்றில் வாடை

காலையில் கண்ணாடியில் படியும் சாதாரண ஈரம், துணியால் துடைத்தால் போய்விடும். கூலன்ட் ஆவி படிந்தது அப்படிப் போகாது. எண்ணெய்க் கையால் தடவிய கண்ணாடி போல, துடைக்கத் துடைக்க இழுவும். முன்கண்ணாடிக்குச் சூடான காற்று அடிக்கும் டிஃப்ராஸ்டரைப் போட்டால் தெளிவதற்குப் பதில் இன்னும் மங்கும், ஏனென்றால் ஆவி வருவதே அந்தக் காற்றுத் துவாரத்திலிருந்துதான். இரவில் எதிரே வரும் விளக்கு இந்தப் படலத்தில் பட்டுச் சிதறினால் சாலை கண்ணுக்குத் தெரியாது. கார்பெட் நனைவதைச் சில நாள் பொறுக்கலாம், இதைப் பொறுக்கக் கூடாது.

சோதனை எளிது. எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, ஜன்னல்களை ஏற்றிவிடுங்கள். கோரில் ஊசிமுனைத் துளை இருந்தால் கொஞ்ச நேரத்தில் வாடை தூக்கும், துவாரத்தின் முன்னே பிடித்த சின்னக் கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படியும். வாடை தெரிந்ததும் ஜன்னலை இறக்கிவிடுங்கள், அந்த ஆவியைச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். கார்பெட் முழுக்கக் காய்ந்திருந்தாலும் இந்த அறிகுறி வரலாம். சின்னத் துளையிலிருந்து வருவது கீழே சொட்டும் முன்பே ஆவியாகிக் காற்றோடு போய்விடும்.

அறிகுறி: கூலன்ட் குறைகிறது, வெளியே சொட்டே இல்லை

இதற்குக் காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம்: ஹீட்டர் கோர், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு), அல்லது சூடான எஞ்சின் மேல் பட்டு உடனே காய்ந்துவிடும் ஒரு சின்னக் கசிவு. எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, ஸ்டார்ட் செய்ததும் கூலன்ட்டில் குமிழி தொடர்ந்து வந்தாலோ ஹெட் கேஸ்கெட் பக்கம் திரும்புங்கள். கூலன்ட் டப்பாவின் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறச் சோதனைத் திரவம் ஒன்று இருக்கிறது. சிலிண்டரிலிருந்து வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். பெட்ரோல் வண்டிக்கு இது நல்ல சோதனை.

இந்த அறிகுறியில் பலர் பார்க்காமல் விடும் ஓர் இடம் ஏசி தண்ணீர் சொட்டும் குழாய். பல வண்டிகளில் ஹீட்டர் கோரும் எவாப்பரேட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், வடிகாலும் ஒன்றுதான். கோரில் கசிவது கார்பெட்டுக்கு வராமல் அந்த வழியாகவே வெளியே போய்விடும். ஏசி தண்ணீர்தானே என்று விட்டுவிடாமல், அந்தச் சொட்டை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். நிறமும் வழுக்கலும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

அறிகுறி: சூடு வரவில்லை, டேஷ்போர்டுக்குள் களகள சத்தம்

களகள என்ற சத்தம் என்றால் கோருக்குள் காற்று புகுந்திருக்கிறது. கூலன்ட் குறைந்ததால் புகுந்திருக்கும், எங்கே போனது என்று தேடுங்கள். சூடு மட்டும் இல்லை, கூலன்ட் குறையவில்லை என்றால் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் எஞ்சின் சூடான பிறகு தொட்டுப் பாருங்கள், ஃபேனும் பெல்ட்டும் கையில் படாமல். இரண்டுமே சூடு என்றால் கோரில் ஓட்டம் இருக்கிறது, காற்றைத் திருப்பிவிடும் மடல்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று சூடு, மற்றது ஆறியிருக்கிறது என்றால் கோர் அடைத்திருக்கிறது அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே ஆறியிருந்தால் தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூடேறியதும் ரேடியேட்டருக்குக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு) கூலன்ட் அளவையும் பாருங்கள்.

அடைப்பை நீக்க எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவலாம். ஆனால் தண்ணீர்க் குழாயை முழு வேகத்தில் திறந்துவிடாதீர்கள். தண்ணீர்க் குழாயின் அழுத்தம் பல இடங்களில் கோர் தாங்கும் அளவைவிட அதிகம். அரித்துப் போன பழைய கோர், அடைப்பு நீங்கிய அதே நேரத்தில் ஓட்டையும் ஆகிவிடும்.

உறுதி செய்வது

அழுத்தச் சோதனைதான் எல்லாவற்றிலும் நம்பகமானது. ரேடியேட்டர் வாயில் மாட்டும் கைப்பம்ப்பும் மீட்டரும் கொண்ட கருவி வாடகைக்கோ இரவலாகவோ கிடைத்தால் வாங்கி வாருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றுங்கள், 0.9 பார் என்றிருந்தால் 0.9, அதற்கு மேல் வேண்டாம். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். முள் இறங்கி, எஞ்சின் அறையில் எங்கேயும் ஈரமே இல்லை என்றால் கேபினுக்குள் போய்ப் பாருங்கள். ப்ளோயரின் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டரைக் கழற்றினால் பல வண்டிகளில் ஹீட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க ஒரு துளை கிடைக்கும். போனில் மாட்டும் குழாய்க் கேமராவை அதில் விட்டால் கோரின் மூலையில் ஈரம் மினுங்குவதை நேரில் பார்க்கலாம்.

ஆறிய நிலையில் முள் அசையவில்லை என்றால் எஞ்சினைச் சூடேற்றி, மறுபடி ஆறவிட்டு, இடையில் ஒருமுறை, கை பொறுக்கும் மிதமான சூட்டில் சோதியுங்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய கோரில் ரப்பர் கேஸ்கெட் சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும், ஆறினால் கசியும். மயிரிழை விரிசல் இதற்கு நேர்மாறாக, சூட்டில் மட்டும் திறக்கும்.

கருவி இல்லாவிட்டால் கோரைச் சுற்றில் இருந்து விலக்கிப் பாருங்கள். இரண்டு ஹீட்டர் ஹோஸையும் கோரிலிருந்து கழற்றி, இணைப்புக் குழாய் ஒன்றால் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். ஹோஸ்களின் உள்விட்டம் பெரும்பாலும் 16 அல்லது 19 மில்லிமீட்டர். ஒரே வண்டியில் இரண்டும் இருப்பதுண்டு, அளந்து வாங்குங்கள். கூலன்ட்டைச் சரியான அளவுக்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி, சில நாள் ஓட்டுங்கள். குறைவது நின்றுவிட்டால் குற்றம் கோரில்தான். ஹீட்டர் வால்வை மூடி வைத்து இதே சோதனையைச் செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வால்வு ஒரு பக்கத்தைத்தான் அடைக்கும், திரும்பும் ஹோஸ் வழியாக அழுத்தம் கோருக்குள் அப்படியே இருக்கும், கசிவும் தொடரும்.

தற்காலிக வழி

மேலே சொன்ன இணைப்பையே, கோர் மாற்றும் நாள் வரை விட்டு வைக்கலாம். எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. ஹோஸ்களின் வாயைத் தனித்தனியாக அடைப்பது வேறு விஷயம். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலன்ட் சுற்றுவதே ஹீட்டர் வழியாகத்தான், அதை அடைத்தால் எஞ்சினில் சூடு ஓரிடத்தில் தேங்கும். எனவே அடைக்காதீர்கள், இணைத்துவிடுங்கள். ஹீட்டர் இல்லாமல் டிஃப்ராஸ்டரும் இல்லை என்பதால் குளிர் பகுதியில் இப்படி நாள் கடத்த முடியாது.

லீக்கை அடைக்கும் பொடியும் திரவமும் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஊசிமுனைத் துளையைச் சில சமயம் அடைக்கும். ஆனால் அதற்குத் துளை எது, மெல்லிய குழாய் எது என்று தெரியாது. ஏற்கெனவே பாதி அடைத்த கோரிலும் ரேடியேட்டரிலும் போய்ப் படியும். நடுவழியில் மாட்டிக்கொண்டு வீடு சேர வேறு வழியே இல்லை என்றால் ஊற்றுங்கள். நிதானமாகச் செய்ய நேரம் இருக்கும்போது ஊற்றாதீர்கள்.

கோரை மாற்றுவது

முதலில் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் படியுங்கள். சில வண்டிகளில் குளோவ் பாக்ஸையும் பக்கவாட்டு மூடியையும் கழற்றினால் கோர் பெட்டியிலிருந்து பக்கவாட்டில் உருவி வந்துவிடும். சிலவற்றில் டேஷ்போர்டு முழுக்க இறங்க வேண்டும், ஏசி குழாய்களும் கழல வேண்டும். ஏசியைத் தொட வேண்டியிருந்தால் கேஸை அதற்கான இயந்திரம் வைத்திருப்பவரிடம் முதலில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டவிரோதம், தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து, அதன் பிறகே டேஷ்போர்டு ஒயர்களில் கை வையுங்கள்.

எஞ்சின் ஆறியதும் கூலன்ட்டை வடியுங்கள். ஹீட்டர் ஹோஸைக் கழற்றும் இடத்தில்தான் அவசரம் ஆளைக் கெடுக்கும். பல வருடம் ஒட்டிப்போன ரப்பரைத் திருகி இழுத்தால் கோரின் குழாய் உள்ளே முறுக்கிக்கொள்ளும். ஹோஸ் எப்படியும் மாற்றப் போவதுதான், அதன் முனையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள், குழாயில் கத்தி பதியாமல். பிறகு ஒரு குழாயில் வாயை வைக்காமல், கைப்பம்ப்பால் மெதுவாகக் காற்று அடித்து, கோரில் மிச்சமிருக்கும் கூலன்ட்டை மறு குழாய் வழியாக வெளியே தள்ளிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கோரை வெளியே எடுக்கும்போது அரை லிட்டர் வரை கார்பெட்டில் கொட்டும்.

ஸ்குரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். கழற்றக் கழற்றப் படம் எடுத்து, பகுதி வாரியாகத் தனித்தனி உறையில் போட்டு எழுதி வையுங்கள். நீள ஸ்குரூ தவறான துளையில் போனால் ஒயர் கட்டில் இறங்கிவிடும். பெட்டி திறந்திருக்கும்போது உள்ளே இருக்கும் இலைச் சருகையும் தூசியையும் எடுத்துவிட்டு, வடிகாலைச் சுத்தம் செய்து, காற்று மடல்களில் ஒட்டியிருக்கும் நுரைப் பட்டை உதிர்ந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள்.

பழைய கோர் பித்தளை அல்லது செம்பு என்றால் ரேடியேட்டர் வேலை தெரிந்தவரிடம் காட்டலாம். ஈயப்பற்று வைத்த ஓரத்தில் கசிந்தால் மறுபடி பற்று வைக்கலாம், குழாய் அரித்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் இரு முனையிலும் அடைக்கலாம். ஆனால் ஒரு குழாய் அரித்திருக்கிறது என்றால் பக்கத்துக் குழாய்களும் அதே தண்ணீரில்தான் ஊறியிருக்கின்றன. புதிய கோர் கிடைக்காத வண்டிக்கு மட்டும்தான் நான் இதைச் சொல்வேன். பிளாஸ்டிக் தொட்டி மடித்துப் பொருத்திய அலுமினிய கோரில் ஒட்டுப்போடும் வேலையே வேண்டாம், புதிது வாங்குங்கள். வாங்கியதும் பழையதோடு பக்கத்தில் வைத்து அளவு, குழாயின் வளைவு, கனம் எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருத்தும் முன் ஒரு குழாயை அடைத்து, மறு குழாயில் 1 பாருக்குள் காற்று ஏற்றி, தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். புதியது என்பதால் நல்லது என்று அர்த்தம் இல்லை.

பழைய கோரைச் சுற்றி இருந்த நுரைப் பட்டையைப் புதியதிலும் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் காற்று கோரைச் சுற்றிக்கொண்டு போகும், சூடு குறையும், உலோகம் அதிர்ந்து உராயும். குழாய் இணைப்பில் ஓ-ரிங் இருந்தால் புதிது போட்டு, கூலன்ட்டைத் தொட்டுத் தடவிப் பொருத்துங்கள். ஹோஸும் கிளாம்ப்பும் புதிது.

இப்போது டேஷ்போர்டை மூடாதீர்கள். கூலன்ட் நிரப்பி, அழுத்தச் சோதனையை இங்கேயே செய்யுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தால் தேவையான ஒயர்களை மாட்டுங்கள், ஆனால் கோர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். சூடேறி ஆறி, குழாய் மூட்டுகள் காய்ந்தே இருக்கின்றன என்று பார்த்த பிறகு மூடுங்கள்.

நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டை, காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். எத்திலீன் கிளைக்கால் இந்த விகிதத்தில் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வெவ்வேறு வகைகளைக் கலக்காதீர்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று நம்பவும் வேண்டாம், ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள்.

வண்டியின் மூக்கு உயரும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, காற்று வெளியேற்றும் ஸ்குரூ இருந்தால் அதைத் தளர்த்தி, மெதுவாக ஊற்றுங்கள். ஸ்குரூ வழியே குமிழி நின்று கூலன்ட் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து, ஹீட்டரில் சூடான காற்று சீராக வரும் வரை வெப்பமானியில் கண் வைத்திருங்கள். ஆறிய பிறகு அளவு பார்த்துக் கூலன்ட் சேர்த்துவிடுங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகும் ஒருமுறை பாருங்கள், சிக்கிய காற்று பிறகும் வெளியேறும்.

கார்பெட்டும் கண்ணாடியும்

மேலே துடைத்துவிட்டு மூடினால் வாடை மாதக்கணக்கில் போகாது. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த பஞ்சு மெத்தைதான் கூலன்ட்டைக் குடித்து வைத்திருக்கும். கூலன்ட் தானாகக் காயாது. சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, மெத்தையைச் சோப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து காய வையுங்கள், உதிர்ந்து போயிருந்தால் மாற்றுங்கள். தரைத் தகட்டில் துரு பிடித்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். சில வண்டிகளில் கார்பெட்டுக்கு அடியிலேயே கனெக்டர்களோ கணினிப் பெட்டியோ இருக்கும், அவற்றில் ஈரம் ஏறியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து உலர்த்துங்கள். கண்ணாடியை உள்பக்கம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துணி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஒரே துணி என்றால் படலம் இடம் மாறுமே தவிர போகாது.

புது கோரும் சீக்கிரமே ஓட்டையானால்

இது நடந்தால் மூன்றாவது கோர் வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். எர்த் ஒயர் சரியில்லாத வண்டியில் மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாதை தேடும், அது போகும் வழியில் மெல்லிய உலோகத்தை அரித்துவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வையுங்கள். எல்லாம் அணைந்த நிலையில் ஒருமுறை, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லி ஒருமுறை, பிறகு விளக்கு, ப்ளோயர், ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. 0.3 வோல்ட்டைத் தொட்டால் பிரச்சினை உறுதி. எதைப் போட்டதும் அளவு ஏறுகிறதோ அந்தப் பாகத்தின் எர்த் இணைப்பைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி இறுக்குங்கள். எதுவுமே ஓடாதபோதும் அளவு அதிகமாக இருந்தால் கூலன்ட் தன் ஆயுளை முடித்துவிட்டது, சுற்று முழுவதையும் கழுவி மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.